15 மாதத்தில் நர்சிங் பட்டம்: படிப்புச் சுமையை எப்படித் தாங்குவது?

தமிழ்நாட்டில் பொறியியல் படித்து, மென்பொருள் சோதனைப் பணியில் சில ஆண்டுகள் இருந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பின் டெக்சாஸில் 15 மாத விரைவு நர்சிங் பட்டப்படிப்பில் இடம் பெற்றிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். ஜனவரியில் அவருக்கு வகுப்பு தொடங்குகிறது. அவருக்கு முன் இதே படிப்பில் சேர்ந்த தோழி இரண்டாம் செமஸ்டரில் விலகிவிட்டார். இவ்வளவு பாடத்தையும் எப்படி முடிப்பது, கையில் இருக்கும் பகுதிநேர வேலையை வைத்துக்கொள்ளலாமா, குடும்பத்தை எப்படிச் சமாளிப்பது என்பவை அவருடைய கேள்விகள். கிரீன் கார்டு கிடைத்துவிட்டதால் விசாச் சிக்கல் இல்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறார். நான் மருத்துவ வார்டுகளில் செவிலியராகப் பணியாற்றியவள். இப்போது இத்தகைய மாணவர்களை மருத்துவமனைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பில் கொடுக்கப்படும் அத்தனை பக்கங்களையும் யாரும் படித்து முடிப்பதில்லை. வகுப்பில் முதலிடம் பெறுபவரும் முடிப்பதில்லை. எதை ஆழமாகப் படிப்பது, எதை மேலோட்டமாகப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று முதல் மாதத்திலேயே தீர்மானிக்கக் கற்றுக்கொள்பவர்களே கரை சேர்கிறார்கள். வார்டில் செவிலியர் நாள் முழுவதும் செய்வதும் அதே வேலைதான். ஐந்து நோயாளிகள் ஒரே நேரத்தில் அழைக்கும்போது யாரிடம் முதலில் போவது என்று முடிவெடுப்பவருக்கே அங்கே இடம் உண்டு. எனவே இந்தச் சுமையைக் கையாளப் பழகுவதையும் தொழிற்பயிற்சியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

விரைவுப் படிப்பு என்ற பெயரைக் கேட்டுப் பாடம் குறைவு என்று சிலர் எண்ணிச் சேர்கிறார்கள். அமெரிக்காவில் இந்த முறை புதிதல்ல. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-லேயே இதைத் தொடங்கியது. வேறு துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்குப் பொதுப் பாடங்களைத் தள்ளுபடி செய்து, நர்சிங் பாடங்களை மட்டும் 11 முதல் 18 மாதங்களுக்குள் நடத்துகிறார்கள். நான்காண்டு மாணவர் படிக்கும் அதே மருந்தியல், அதே மகப்பேறு, அதே குழந்தை மருத்துவம், அதே மனநலம், அதே உரிமத் தேர்வு உங்களுக்கும் உண்டு. கோடை விடுமுறையும் செமஸ்டர்களுக்கு இடைப்பட்ட ஓய்வும் மட்டுமே இங்கு குறைகின்றன. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எழுந்து ஈடுகட்ட அடுத்த வாரம் காலியாக இருக்காது.

ஒரு வாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டரில் 15 கிரெடிட் இருப்பதாகவும், அதில் 10 வகுப்பறைக்கும் 5 மருத்துவமனைப் பயிற்சிக்கும் உரியவை என்றும் வைத்துக்கொள்வோம். வகுப்பறைக் கிரெடிட் ஒன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம். பயிற்சிக் கிரெடிட் ஒன்றுக்குப் பல கல்லூரிகளில் வாரம் மூன்று மணி நேரம். ஆக 25 மணி நேரம் வகுப்பிலும் வார்டிலும் போகிறது. வகுப்பறை மணி ஒன்றுக்கு வீட்டில் இரண்டு மணி நேரமாவது படிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கல்லூரிகளின் பொதுவான எதிர்பார்ப்பு, அது 20. பயிற்சிக்கு முன்தயாரிப்பு, பின்பு எழுதித் தர வேண்டிய கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்), பயணம் ஆகியவற்றையும் சேர்த்தால் வாரத்துக்கு 55 மணி நேரத்தைத் தொடும். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த 55 மணி நேரம் தானாகக் கிடைக்காது. ஜனவரிக்கு முன்பே அதை ஒதுக்கி வைக்க வேண்டும்.

வகுப்பு தொடங்குமுன் செய்ய வேண்டியவற்றில் பலர் அலட்சியம் செய்வது மருத்துவச் சான்றுகளை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, ஹெப்படைட்டிஸ்-பி ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதை இரத்தப் பரிசோதனையால் நிரூபிக்கச் சொல்வார்கள். ஹெப்படைட்டிஸ்-பி எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் மூன்று தவணை ஊசி முடிய வழக்கமாக ஆறு மாதம் ஆகும். ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணையாகப் போடும் ஊசியும் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் பிறந்தபோது பிசிஜி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கையில் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை, நோய் இல்லாமலேயே வீங்கிக் காட்டலாம். அதன் பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று வாரங்கள் ஓடிவிடும். முதலிலேயே இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயிர்காப்பு முதலுதவிச் சான்றிதழ், குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை ஆகியவற்றையும் டிசம்பருக்குள் முடித்துவிடுங்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் மருத்துவமனை உங்களை வார்டுக்குள் விடாது.

பாடத்தில் முன்கூட்டியே படிக்க ஆசைப்பட்டால் நர்சிங் புத்தகங்களைத் தொடாதீர்கள். சிறுநீரகம், இதயம், நுரையீரல் ஆகியவை எப்படி இயங்குகின்றன, உடலில் சோடியமும் பொட்டாசியமும் நீரும் எப்படிச் சமநிலையில் நிற்கின்றன, இரத்தத்தின் அமிலத்தன்மை ஏறினால் உடல் என்ன செய்கிறது என்பவற்றை மட்டும் மறுபடியும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாடங்களில் பாதிக்கு மேல் இந்த அடித்தளத்தின் மீதுதான் நிற்கும்.

குடும்ப ஏற்பாட்டைப் பற்றித் திறந்து பேச வேண்டும், ஏனென்றால் படிப்பில் கெட்டிக்காரியான பல பெண்கள் இடறியதை நான் பார்த்தது இங்கேதான். பயிற்சி நாளில் நீங்கள் காலை 6:45-க்கு வார்டில் நிற்க வேண்டும். அப்படியானால் குழந்தைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவது அன்று உங்களால் முடியாது. “அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று கணவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கல்லூரி தரும் பயிற்சி அட்டவணையை இருவருடைய கைப்பேசி நாட்காட்டியிலும் அன்றே ஏற்றி, எந்தெந்த நாள் அவர் தாமதமாக அலுவலகம் போவார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் வீட்டில் இருப்பது யார் என்ற கேள்விக்கும் இப்போதே பதில் வேண்டும். பயிற்சி நாள் ஒன்றைத் தவறவிட்டால் அந்த மணி நேரத்தை ஈடுகட்டியாக வேண்டும், இரண்டு மூன்று தவறினால் பாடமே போய்விடக்கூடும்.

அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்து உதவுவதாக இருந்தால் காலத்தை யோசித்து அழையுங்கள். பார்வையாளர் விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் வரைதான் தங்க அனுமதி கிடைக்கும். உங்கள் படிப்போ 15 மாதம். தொடங்கும்போதே அழைத்துவிட்டால், மிகக் கடினமான நடுப்பகுதியில் அவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். முதல் இரண்டு மாதம் அடிப்படைத் திறன்களில் போகும், அதைச் சமாளித்துவிடலாம். பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவை நர்சிங்கும் மருந்தியலும் சேர்ந்து வரும் செமஸ்டருக்கு அவர்கள் இங்கே இருக்கும்படி பயணச்சீட்டு எடுங்கள். சமையலில் தினமும் புதிதாக மூன்று வகை என்ற பழக்கத்தை இந்த 15 மாதத்துக்கு நிறுத்திவைத்து, ஞாயிற்றுக்கிழமை மாவரைத்துக் குழம்பும் பொரியலும் செய்து வைத்து வாரத்தை ஓட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

இனி படிக்கும் முறை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் 2 மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு, 16 மதிப்பெண் கேள்விக்கு இத்தனை பக்கம் என்று பழகி, தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளில் கண் விழித்து மனப்பாடம் செய்து தேறியவர்கள் நாம். அந்தத் திறமை இங்கே உதவாது என்பதை முதல் தேர்விலேயே பலர் அதிர்ச்சியோடு தெரிந்துகொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை உங்கள் தோழியைப் போல் விலகுபவர்களில் பெரும்பாலோர் உழைக்காதவர்கள் அல்லர். பழைய முறையிலேயே இன்னும் அதிகமாக உழைத்துச் சோர்ந்தவர்கள்.

இங்கே கேட்கும் கேள்வியின் தன்மையைப் பாருங்கள். “நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள்? அறுவைக்குப் பின் வலி 10-க்கு 6 என்று சொல்பவர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள, ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் காட்டுபவர். சர்க்கரை 180 உள்ள நீரிழிவு நோயாளி. தைராய்டு அறுவை முடிந்து வந்து, மூச்சு இழுக்கும்போது கீச்சொலி எழுப்புபவர்.” நால்வருக்கும் கவனிப்பு தேவை, எந்த விடையும் முழுத் தவறு அல்ல. நாட்பட்ட அடைப்பு நோய் உள்ளவருக்கு 90 எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். வலியும் சர்க்கரையும் சில நிமிடம் காத்திருக்கும். கழுத்தில் அறுவை முடிந்தவரின் கீச்சொலியோ மூச்சுக்குழல் அடைபடத் தொடங்கியதற்கான அறிகுறி. அவரிடம்தான் ஓட வேண்டும். தைராய்டு சுரப்பியைப் பற்றி 16 மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்தவரும் இந்தக் கேள்வியில் தவறலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

ஆகவே ஒவ்வொரு நோயையும் ஒரே பக்கத்தில், ஐந்து கேள்விகளுக்குப் பதிலாக எழுதிப் பழகுங்கள்: உடலில் எது பழுதானது, அதனால் நான் கண்ணால் என்ன காண்பேன், மருந்து கொடுக்குமுன் எதைச் சரிபார்ப்பேன், எந்த நிலையில் மருத்துவரை அழைப்பேன், வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்வேன். இதயச் செயலிழப்பை எடுத்துக்கொள்வோம். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால் இரத்தம் நுரையீரலில் தேங்கும். மூச்சு முட்டும், படுத்தால் இருமல் வரும், முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நொறுநொறுவென்ற ஒலி கேட்கும். வலப்பக்கம் தளர்ந்தால் உடலில் தேங்கும். கால் வீங்கும், கழுத்து இரத்தக்குழாய் புடைக்கும். ஃபியூரோசெமைடு என்னும் மருந்தைக் கொடுத்தால் சிறுநீராக நீர் வெளியேறும், கூடவே பொட்டாசியமும் வெளியேறும். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இறங்கினால் துடிப்பு தாறுமாறாகலாம். அதே நோயாளி டிகாக்சின் என்னும் இதய மருந்தும் எடுப்பவராக இருந்தால், அந்த மருந்தின் நச்சுத்தன்மை தலைதூக்கிக் குமட்டலும் பார்வையில் மஞ்சள் நிறமும் தோன்றலாம். எனவே மருந்து கொடுக்குமுன் இன்றைய பொட்டாசியம், இரத்த அழுத்தம், காலை எடை, டிகாக்சினுக்கு முழு ஒரு நிமிடம் எண்ணிய இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பார்க்கிறோம். பெரியவர்களுக்குத் துடிப்பு 60-க்குக் கீழே என்றால் டிகாக்சினை நிறுத்திவைத்து மருத்துவரிடம் பேசுகிறோம். வீடு திரும்பும்போது தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்கிறோம். ஒரு நாளில் இரண்டு மூன்று பவுண்டோ, ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டோ ஏறினால் உடனே அழைக்க வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கம்தான். இதில் மனப்பாடம் மிகக் குறைவு. ஒன்றிலிருந்து அடுத்தது தானாக வருகிறது. இப்படி ஒரு பக்கம் உங்கள் கையால் எழுதப்பட்டால், பாடநூலில் அந்த அத்தியாயத்தின் அறுபது பக்கத்தில் ஐம்பதை நீங்கள் திறக்காமலே விடலாம்.

எழுதிய பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட மூடிவைத்துவிட்டு வெறுந்தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது பல மடங்கு நிலைக்கும். ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டினார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும் அந்த மன நிறைவுதான் ஆபத்து. பயிற்சிக் கேள்விகளும் இதற்காகவே. நாளுக்கு இருபது கேள்வி போதும், ஆனால் சரியாகப் போட்டதற்கும் விளக்கத்தைப் படியுங்கள். தவறியதற்கு எதிரில் காரணத்தை ஒரு வரி எழுதி வையுங்கள்: விஷயம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, முன்னுரிமையில் பிசகா, முதலில் போட்ட சரியான விடையை மாற்றினேனா. மூன்று வாரத்தில் உங்கள் பலவீனம் எது என்று அந்த நோட்டே காட்டும். விஷயம் தெரிந்தும் முன்னுரிமையில் தவறுபவர் மேலும் பத்து அத்தியாயம் படிப்பதில் பயன் இல்லை.

வகுப்பு விரிவுரை முடிந்த அன்றே, தூங்குவதற்கு முன், இருபது நிமிடம் ஒதுக்கி அந்த ஒரு பக்கத்தின் முதல் வடிவத்தை எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால் அதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். குழுவாகப் படிப்பது நல்லதுதான். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவதாக இருக்கட்டும். எட்டுப் பேர் கூடி ஆசிரியரைப் பற்றிப் பேசும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தள்ளியே இருங்கள், அங்கே பரவும் பயம் உங்கள் நேரத்தைத் தின்னும்.

மதிப்பெண் விதிகளை முதல் வாரத்திலேயே எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். பல நர்சிங் கல்லூரிகளில் தேர்ச்சிக்கு 75-க்கும் 80-க்கும் இடைப்பட்ட சதவீதம் வேண்டும். அது 75 என்றால் 74.9 எடுத்தவரும் தேறவில்லை, மேலே கூட்டித் தரமாட்டார்கள். வீட்டுப்பாட மதிப்பெண் தேர்வு சராசரியை உயர்த்தாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. எனவே ஒரு கட்டுரையின் மேற்கோள் வடிவத்தைச் செதுக்க ஒரு முழு மாலையைச் செலவிடாதீர்கள். இந்தப் படிப்புக்கு முன் எப்போதும் முதல் வகுப்பு எடுத்தவர்களுக்கு இது கசக்கும். போதுமான அளவு நன்றாக எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகப் பழக வேண்டும்.

மருந்தளவுக் கணக்கு மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் 90 சதவீதமோ சில இடங்களில் நூற்றுக்கு நூறோ எடுத்தால்தான் வார்டில் மருந்து கொடுக்க விடுவார்கள், மறுவாய்ப்பும் அளவோடுதான். பொறியியல் படித்த உங்களுக்குக் கணக்கு கடினமாக இராது. அவசரத்தில் அலகைத் தவறவிடுவதுதான் நேரும். ஒரு கணக்கு: நோயாளியின் எடை 176 பவுண்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மணிக்கு கிலோவுக்கு 18 யூனிட் போகவேண்டும், பையில் 250 மில்லிலிட்டரில் 25,000 யூனிட் இருக்கிறது. 176-ஐ 2.2-ஆல் வகுத்தால் 80 கிலோ. 80-ஐ 18-ஆல் பெருக்கினால் மணிக்கு 1,440 யூனிட். பையில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட், ஆகவே பம்ப்பை மணிக்கு 14.4 மில்லிலிட்டர் என்று வைக்க வேண்டும். பவுண்டைக் கிலோவாக மாற்ற மறந்தவருக்கு விடை இரண்டு மடங்குக்கு மேல் வரும். தேர்வில் அது ஒரு மதிப்பெண், வார்டில் இரத்தப்போக்கு. ஒவ்வொரு படியிலும் எண்ணோடு அலகையும் எழுதும் பழக்கத்தை இப்போதே கைக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்குமுன் தினமும் ஐந்து கணக்கு போட்டு வைத்தால் முதல் மாதத்தில் ஒரு கவலை குறையும்.

மருத்துவமனைப் பயிற்சியைப் படிப்பிலிருந்து நேரத்தைப் பிடுங்கும் சடங்காகப் பார்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, பயிற்சி நாள் ஒன்றின் பன்னிரண்டு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த படிப்பு நேரம் என்பது. வகுப்பில் இதயச் செயலிழப்பு நடக்கும் வாரத்தில், பயிற்சி ஆசிரியரிடம் அந்த நோயாளியையே கேட்டு வாங்குங்கள். கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நுரையீரலின் அடிப்பகுதியில் அந்த ஒலியை நீங்களே கேளுங்கள். அவருடைய பொட்டாசியம் நேற்று என்ன, இன்று என்ன என்று கணினியில் பாருங்கள். அதன் பிறகு அந்தப் பாடத்தை நீங்கள் தேர்வுக்காகத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. கேர் பிளானை அன்று மதியம் உணவு இடைவேளையிலேயே தொடங்குங்கள். விவரங்கள் கண்முன் இருக்கும்போது எழுதுவது எளிது. நோயாளியின் பெயரோ பிறந்த தேதியோ உள்ள எந்தத் தாளையும் மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவராதீர்கள், அந்தரங்கச் சட்டம் இங்கே கடுமையானது. மருத்துவரை அழைப்பதற்கு முன் நிலைமை, பின்னணி, நான் கண்டது, நான் கேட்பது என்ற நான்கையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு பேசுங்கள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசத் தயங்கும் நம்மவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய கைத்தாங்கல். நான்கு வரியும் கையில் இருந்தால் குரல் நடுங்காது.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பார்களே, இரவு மூன்று மணி வரை படித்துவிட்டு முன்னுரிமைக் கேள்விகளுக்கு விடை எழுதப் போவது அதுதான். படித்தது நினைவில் படிவது பெரும்பாலும் தூக்கத்தின்போதுதான். முடிவெடுக்கும் திறன் தூக்கக் குறைவில் முதலில் மழுங்கும், மழுங்கியிருப்பது நமக்கே தெரியாது. தேர்வுக்கு முந்தைய இரவு பத்தரைக்குப் புத்தகத்தை மூடுங்கள். இரவு ஷிஃப்ட் பயிற்சி முடிந்து காலையில் கார் ஓட்டி வருவது உண்மையான ஆபத்து. கண் சொக்கினால் வண்டியை மருத்துவமனை வாகன நிறுத்தத்திலேயே விட்டு, கணவரை வரச் சொல்லுங்கள். வாரத்தில் அரை நாள் புத்தகம் திறக்காத நேரமாக இருக்கட்டும். கோயிலோ பூங்காவோ, குழந்தைகளோடு போங்கள். அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். மென்பொருள் வேலையை விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்று முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போய்விட்டால், அந்தப் பகுதிநேரச் சம்பளத்தைவிட அதிகமாகக் கட்டணத்தில் இழப்பீர்கள். முதல் செமஸ்டர் முடிந்து மதிப்பெண் உறுதியாக இருந்தால், மருத்துவமனையில் நோயாளிப் பராமரிப்பு உதவியாளராக மாதத்தில் இரண்டு மூன்று ஷிஃப்ட் செய்யலாம். அது படிப்புக்கும் உதவும், பின்னால் அதே வார்டில் வேலை கிடைக்கவும் உதவும். பணத்துக்கு வேறு வழிகளை இப்போதே பாருங்கள். ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருப்பதால், அது இந்தியப் பட்டமாக இருந்தாலும், மத்திய அரசின் பெல் உதவித்தொகை உங்களுக்குக் கிடைக்காது; கிரீன் கார்டு இருப்பதால் மத்திய அரசின் மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். நர்ஸ் கோர் என்ற அரசு உதவித்தொகை கட்டணத்தை ஏற்று மாதச் செலவுக்கும் தருகிறது. பதிலுக்குச் செவிலியர் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு பணிபுரிய வேண்டும். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

சறுக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை, சறுக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தேர்வில் தேர்ச்சி எல்லைக்குக் கீழே வந்தால், இரண்டாவது தேர்வு வரை காத்திருக்காமல் அந்த வாரமே ஆசிரியரின் அலுவலக நேரத்துக்குப் போங்கள். “நான் எப்படிப் படிக்க வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்காமல், தவறிய கேள்விகளையும் நீங்கள் நினைத்த காரணத்தையும் எடுத்துச் சொல்லி, எண்ணம் எங்கே திரும்பியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆசிரியரிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஊர்ப் பழக்கத்தில் தயங்க வேண்டாம். இங்கே கேட்காமல் இருப்பதைத்தான் அக்கறையின்மை என்று எண்ணுவார்கள். செமஸ்டரின் நடுவில், பாடத்திலிருந்து விலகிக்கொள்ளும் கடைசித் தேதி ஒன்று உண்டு. அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்குள் கணக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், தோல்வி என்று பதிவாவதைவிட விலகி, அடுத்த அணியோடு சேர்வது மேல். பல கல்லூரிகளில் இரண்டு பாடத்தில் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், விலகலை அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. உங்கள் கல்லூரியின் விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தோழிக்கும் திரும்பச் சேரும் வழி இருக்கலாம், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பாருங்கள். மனம் கையை மீறிப் போகும் வேளையில் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

கடைசி செமஸ்டரில் உரிமத் தேர்வான என்சிலெக்ஸ் நெருங்கும். 2023 ஏப்ரலிலிருந்து அது புதிய வடிவில் நடக்கிறது: குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம், நீங்கள் விடையளிக்கும் தரத்துக்கு ஏற்பக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். ஒரே நோயாளியின் கதையில் ஆறு கேள்விகள் அடுத்தடுத்து வரும் பகுதிகள் மூன்று உண்டு. எதைக் கவனித்தீர்கள், அதன் பொருள் என்ன, எது முதலில், என்ன வழிகள், எதைச் செய்வீர்கள், பலன் கிடைத்ததா என்ற வரிசையில் அவை போகும். முதல் மாதத்திலிருந்து நீங்கள் எழுதிவந்த ஒரு பக்கக் குறிப்புகள் ஏறக்குறைய இதே வரிசையில் இருப்பதால், புதிதாக ஒரு முறையைக் கற்க வேண்டிய தேவை இராது. பட்டம் முடிந்ததும் ஊருக்கு இரண்டு மாதம் போய்விட்டு வந்து எழுதலாம் என்று பயணச்சீட்டு எடுக்காதீர்கள். அனுமதி வந்தவுடன், நினைவு புதிதாக இருக்கும்போது எழுதிவிடுங்கள், தவறினால் மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் உரிமம் பெற அந்த மாநிலச் செவிலியர் சட்டம் பற்றிய தனித் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். கைரேகைச் சரிபார்ப்பும் உண்டு. இவ்விரண்டையும் பட்டமளிப்புக்கு முந்தைய மாதங்களிலேயே தொடங்கிவிட்டால், என்சிலெக்ஸ் முடிவுக்குப் பின் உரிம எண்ணுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேராது.